கூட யார் வந்திருக்காங்க?

அவன் என்னோடு சண்டை போட்டதெல்லாம் தமிழில்தான். கொஞ்சியதும் தமிழில், பொய் சொன்னதும் தமிழில். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்து, இனி நமக்குள் சரிப்பட்டு வராது என்று சொன்ன அன்று மட்டும் ஆங்கிலத்துக்கு மாறினான். "யூ ஆர் டூ நீடி" என்றான். பிறகு, நான் தொடாமல் வைத்திருந்த பப்ஸைப் பார்த்து, "சாப்பிடலையா?" என்று மறுபடி தமிழுக்கே வந்துவிட்டான். வேண்டாம் என்றேன். அதை அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நான் விழிக்கவில்லை. ஆங்கிலம்தான் என் பிழைப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கம்பெனி ஒன்றில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். மன்னிப்புக் கேட்பது எப்படி, காத்திருக்கச் சொல்வது எப்படி, கத்துகிறவரை அமர்த்துவது எப்படி, எல்லாம் என் பாடத்தில் உண்டு. 'நீட்' என்றால் தேவை. 'நீடி' என்றால் இல்லாதவர், வறியவர். அது பழைய பொருள். குளிர்காலத்தில் போர்வை வழங்குகிறோம் என்று சர்ச் வாசலில் எழுதிப் போடுவார்களே, அங்கே அந்தப் பொருளில் அது இருக்கும். இப்போது புழங்குகிற பொருள் வேறு. அடுத்தவரின் கவனத்தையும் அன்பையும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறவர் நீடி. பழைய பொருளில் கேட்டால் ஆட்களுக்கு மனசு இளகும். புதிய பொருளில் கேட்டால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

தமிழில் அவன் என்ன சொல்லியிருக்க முடியும் என்று அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அட்டை மாதிரி ஒட்டிக்கிறே. நச்சரிக்கிறே. உயிரை வாங்குறே. இதில் எதைச் சொல்லியிருந்தாலும் என்னிடம் பதில் இருந்தது. நீ போனை எடுத்திருந்தால் நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று கேட்டிருப்பேன். ஆரணியில் பிறந்தவள், வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதும் அது திட்டாக இல்லாமல் ரத்தப் பரிசோதனை முடிவு போல ஆகிவிட்டது. முடிவோடு யார் மல்லுக்கு நிற்பது?

அப்படி என்னதான் கேட்டேன்? ஊருக்குப் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல் என்றேன். உடம்பு சரியில்லாமல் படுத்தால் வந்து எட்டிப் பார் என்றேன். ஞாயிற்றுக்கிழமையாவது என்னோடு உட்கார்ந்து சாப்பிடு என்றேன். இவற்றைக்கூடக் கேட்கக் கூடாது என்றால் ஒருவனை எதற்காகக் கூட வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருந்தும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. யாரிடமாவது எதையாவது கேட்க வாயெடுத்தால் அது முந்திக்கொண்டு வந்து நின்றது.

அதற்குப் பிறகு ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு மாடிக்குக் குடி வந்தேன். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட மொட்டைமாடி. யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று விரதம் எடுத்தவள் மாதிரி வாழ ஆரம்பித்தேன். கட்டிலை நானே இழுத்துப் போட்டேன். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து ஏறினேன். புடவை கட்டினால் பின்பக்க ஊக்கைக் குத்த ஆள் வேண்டும் என்பதால் புடவை கட்டுவதையே விட்டேன். பிறந்தநாளை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை, யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் நீடி இல்லை என்று ஜெயித்துக் காட்டிவிட்டேன். அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஒருநாள் வகுப்பில் அந்தச் சொல்லையே நடத்த வேண்டி வந்தது. வாடிக்கையாளரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது என்னென்ன சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது அன்றைய பாடம். பலகையில் 'நீடி' என்று எழுதியதும் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், நானும் நீடிதான். காலேஜ்ல நீடி ஸ்டூடண்ட்னு சொல்லி எனக்குத்தான் ஸ்காலர்ஷிப் குடுத்தாங்க."

சொன்னதில் பெருமை இருந்தது. புதிய பொருள் தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் இரண்டு பொருளையும் விளக்கினேன். அவள் மறுபடி கையைத் தூக்கினாள்.

"அப்போ காசு இல்லைன்னு கேட்டா பாவம், ஆளு இல்லைன்னு கேட்டா மட்டும் தப்பா மேடம்?"

"யூசேஜ் அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். ஆசிரியருக்குப் பதில் தெரியாதபோது கை கொடுப்பதற்கென்றே இருக்கிற சொல் அது.

அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்லித்தருவேன். அழைப்பை முடிக்கும் முன் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்க வேண்டும். கேட்கிற விதத்திலேயே எதிராளி 'வேண்டாம், நன்றி' என்று சொல்லிவிடுவார். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கதவைச் சாத்துகிற வாக்கியம். அலுவலகத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் 'எனிதிங் யூ நீட், ஜஸ்ட் பிங் மீ', அதாவது எது வேண்டுமானாலும் ஒரு மெசேஜ் போடு, என்பதும் அந்த ஜாதிதான். அதை நம்பி யாரும் யாரையும் கூப்பிட்டதாக நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நேர்மாறு. யார் வீட்டுக்குப் போனாலும் காபி கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை டம்ளரையே கொண்டுவந்து கையில் திணிப்பார்கள், வாங்கிக் குடிக்கலாம். முதல் தடவையிலேயே சரி என்றால் 'காணாததைக் கண்ட மாதிரி' என்று அம்மா வீட்டுக்கு வந்து திட்டுவாள். கேட்கிறவரும் இரண்டு வேண்டாமோடு விட்டுவிட்டால் அதுவும் பேச்சாகும். 'ஒப்புக்குக் கேட்டா' என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். வலிய வந்தால் குமரியும் கிழவி என்பதும் அம்மாதான், அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதும் அம்மாதான். இரண்டுக்கும் நடுவில் மூன்று தரம் கேட்பது என்று ஒரு வழியை யாரோ புண்ணியவான் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெங்களூருக்கு வந்த புதிதில் அந்த வழக்கத்தால் நான் நிறைய வேளை பட்டினி கிடந்தேன். இங்கே ஒருதரம் வேண்டாம் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். நகரப் பேருந்தில் கண்டக்டர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட்டுக்காரர்கள். கணவர் இறந்து நாளாயிற்று, மகள் கல்யாணமாகி ஆனேக்கல்லில் இருந்தாள். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு விடியும் முன்பே டிப்போவுக்குப் போய்விடுவார். நான் ஆபீஸ் முடிந்து வரும்போது வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பேச்சு தமிழும் கன்னடமும் கலந்து வரும். முகம் மட்டும் எப்போதும், சில்லறை இல்லாத பயணியைப் பார்க்கிற முகம். தண்ணீர் வரும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், இவற்றைத் தாண்டி நாங்கள் அதிகம் பேசியதில்லை. தண்ணீர் மோட்டார் ஓடாத நாளுக்காக ஒருவர் போன் எண்ணை ஒருவர் வாங்கி வைத்திருந்தோம்.

ஒருமுறை அவர் டூட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கதவைத் தட்டினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார், காய்ச்சல் என்றார்.

"ஏதாவது வேணுமாக்கா?"

"ஒண்ணியும் வோணாம்மா."

"சரிக்கா, வேணும்னா கூப்பிடுங்க."

மேலே வந்துவிட்டேன். தொந்தரவு கொடுக்காத மனுஷி என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. நானும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு உடம்புக்கு வந்தது. மாதவிலக்கு நிற்காமல் போய், படியேறினாலே மூச்சு வாங்கி, ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பையில் ஒரு சின்னச் சதை வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் அது என்னவென்று தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்தபோது நர்ஸ் கேட்டார்.

"அட்டெண்டர் யாரு மேடம்?"

நோயாளியோடு கூட வருகிறவருக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர் என்று பெயர். நான் தனியாகத்தான் வருவேன் என்றேன். நர்ஸ் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மயக்க மருந்து குடுக்கறப்போ கண்டிப்பா ஒருத்தர் இருக்கணும் மேடம். சொந்தக்காரங்கதான் வேணும்னு இல்ல. தெரிஞ்சவங்க யாராச்சும். ஒருத்தர் போதும்."

ஒருத்தர் போதும். இவ்வளவு பெரிய ஊரில் எனக்கு ஒருத்தர். ஆட்டோவில் திரும்பும்போது யார் யார் என்று யோசித்தேன். அப்பா இல்லை. அம்மா, அண்ணிக்குப் பிரசவம் பார்க்க மஸ்கட் போயிருந்தாள். சொன்னால் அங்கே இருப்புக் கொள்ளாமல் அழுவாள், அந்த அழுகையையும் நானே தேற்ற வேண்டும். அவன் எண் இன்னும் போனில் இருந்தது. அதைப் பார்த்த உடனே அந்த ஆங்கிலச் சொல்லும் கேட்டது. ஆபீஸ் தோழி ஒருத்திக்கு விஷயத்தை எழுதி, 'நீ வர முடியுமா' என்ற கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு இதயப் படம் வந்தது. கூடவே, எனிதிங் யூ நீட். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்.

டாக்டர் கொடுத்திருந்த தேதியை நானே போன் செய்து தள்ளிவைத்தேன். ஆபீஸில் வேலை என்று பொய் சொன்னேன். உதிரப்போக்கு நிற்கவில்லை. வகுப்பில் நின்று பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து நடத்தினேன். அது வெறும் சதைதானா வேறு ஏதாவதா என்ற பயம் இருந்தது. அதைவிட, கூட வர ஆளில்லாமல் செத்தாள் என்று ஆகிவிடுமோ என்ற அவமானம் பெரிதாக இருந்தது. இரண்டாவது தேதி கொடுத்தார்கள். கூலிக்கு ஆள் அனுப்புகிற ஒரு செயலியில் தேடினேன். நாய்க்குத் துணை வருகிறவர்கள் இருந்தார்கள். மனுஷிக்குத் துணை வருகிறவர்கள், வயது அறுபதுக்கு மேல் இருந்தால் மட்டும் வருவார்களாம்.

அந்த வாரம் ஒருநாள் மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டு அக்கா காக்கிச் சட்டையோடு வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளிறிப் போச்சு?"

சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சதை, ஆஸ்பத்திரியின் பெயர், மயக்க மருந்து, வியாழக்கிழமை, அட்டெண்டர். அவர் டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வர்றேன்" என்றார்.

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. வந்த உடனே என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ வேணாம்க்கா, உங்களுக்கு டூட்டி இருக்கும். நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். டூட்டி கெடக்குது போ என்பார். நான் பரவாயில்லைக்கா என்பேன். அவர், சும்மா இரு என்று அதட்டுவார். நான் சரி என்பேன். எனக்கு என் வசனமும் தெரியும், அவர் வசனமும் தெரியும்.

"சரிம்மா. ஹுஷாரா போய்ட்டு வா" என்றார். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒப்புக்குக் கேட்டிருக்கிறார். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருந்தால் இப்படித்தான், கன்னடமும் ஆங்கிலமும் கலந்து கலந்து மரியாதை எல்லாம் போய்விட்டது என்று மனசுக்குள் திட்டினேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் என்ன?

வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினேன். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. டூட்டிக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். கத்துகிற வாடிக்கையாளர்களைச் சமாளிக்கச் சொல்லித்தருகிறவளுக்கு ஒரு நர்ஸைச் சமாளிக்கத் தெரியாதா?

பச்சை அங்கி கொடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாத்தனார்கள் வந்திருந்தார்கள், யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்தார்.

"கூட யார் வந்திருக்காங்க?"

"வந்துட்டே இருக்காங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். டிராஃபிக் என்றேன். பெங்களூரில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"மேடம், தியேட்டர்ல இருந்து கேக்கறாங்க. ஆள் வரலைன்னா அடுத்த பேஷண்ட்டை எடுத்துடுவாங்க. உங்களுக்கு வேற தேதிதான்."

நாத்தனார்கள் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் போனை எடுத்தேன். வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியவரிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். அதுவும் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பவரிடம். எப்படிச் சொல்வது என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். உங்களுக்கு முடியுமானால், தொந்தரவு இல்லை என்றால், ஒருவேளை. முதல் மணி முடியும் முன்பே அவர் எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா."

"அக்கா, நீங்க வரணும்க்கா" என்றேன். "எனக்கு வேற யாரும் இல்ல."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நாத்தனார்கள் இருப்பதை மறந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பஸ் சத்தமே இல்லை.

"எந்த மாடி?" என்றார்.

"டூட்டில இல்லையா?"

"லீவு போட்டுட்டு வூட்லதான் கீறேன். பொடவ கட்டிக்கினு சும்னே ஒக்காந்துனு கீறேன் காலைலேர்ந்து. எந்த மாடி சொல்லு."

ஆட்டோ பிடித்துக் கால் மணி நேரத்தில் வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் அவரை நான் சரியாகப் பார்த்ததே அன்றுதான். கரும்பச்சைப் புடவை, தலையில் கொஞ்சம் பூ, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். வந்ததும் என்னிடம் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். கம்மலைக் கொடுத்தேன். தன் மணிபர்சில் போட்டு, பர்சை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் அவரிடம் கேட்டார்.

"மேல் வூடு."

"அப்படின்னா?"

"நான் கீழ இருக்கேன், இது மேல இருக்குது. எழுதிக்கம்மா."

நர்ஸ் என்ன எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எடுத்த சதை வெறும் சதைதான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அது அப்புறம். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ஜன்னலில் மத்தியான வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டியிருந்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முதுகில்லாத ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராத உடம்பு. ஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர் விட்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்க்கா அன்னிக்கு மறுபடி கேக்கல? நான் சும்மாதான் வேணாம்னு சொன்னேன்."

அவர் ஸ்பூனைத் துடைத்து வைத்தார்.

"எங்க வூட்டுலயும் அப்டித்தாம்மா. மூணு தபா கேக்கணும், மூணாவதுக்குத்தான் சரின்னு சொல்லணும். எங்கம்மா அடிச்சு வளத்துது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு ஜுரம் வந்துச்சே, நீ வந்து கதவைத் தட்டுன. இன்னா வோணும்னு கேட்ட. வோணாம்னேன். சரின்னுட்டு போய்ட்ட. நான் கதவைச் சாத்தாம நின்னுனு இருந்தேன். உன் செருப்பு சத்தம் மேல ஏறிச்சு. எறங்கும்னு பாத்தேன்."

அவர் மறுபடி ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டார்.

"அப்புறம் நெனச்சிகினேன், படிச்ச பொண்ணு, கம்பெனில வேல செய்யுது. அவங்கல்லாம் ஒரு தபாதான் கேப்பாங்க போலருக்கு, ஒரு தபா வோணாம்னா வோணாம்தான் போலருக்குன்னு. ரெண்டாவது தபா கேட்டா உனக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன். லீவு மட்டும் போட்டு வெச்சேன். நீ கூப்டலேன்னா தூங்கியிருப்பேன், அவ்ளோதான்."

அந்தக் காய்ச்சலில் என்ன சாப்பிட்டார், யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக ஒரே வழக்கத்தில் வளர்ந்த இரண்டு பேர், அடுத்தவளுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாடிப்படியை நடுவில் வைத்து இத்தனை நாள் இருந்திருக்கிறோம். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க ஒரு கையில் ஊசி, இன்னொரு கை எழும்பவில்லை. அக்கா பார்த்தார். முந்தானையால் துடைத்துவிட்டு, மருந்து வாசனைக்குக் கண்ணு எரியும் என்று அவராகவே ஒரு காரணமும் சொன்னார்.

வராண்டாவில் ஒருவர் ஒவ்வொரு கட்டிலின் அட்டெண்டரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மருந்துச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அவருக்குக் கோபம் வரும் போலிருந்தது. அந்தப் பயத்தில் அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தே இருக்கமாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சாப்டீங்களாக்கா?"

"ஆச்சு, ஆச்சு. நீ பேசாத, படு."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதே சில்லறை கேட்கிற முகம்.

"கீழ கேன்டீன் இருக்குக்கா. போய் ஏதாவது சாப்ட்டு வாங்க."

"வோணாம்மா. வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

முன்பென்றால் இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருப்பேன். கண்ணை மூடிப் படுத்தும் இருப்பேன். ஊசி இல்லாத கையை மெல்ல நகர்த்தி, அவர் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, சாப்டீங்களா?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார், யாரும் கேட்கிறார்களா என்பது போல.

"இல்ல" என்றார். "பசிக்குது."